முதுகுப் பைக்குள் அடங்கும் அம்ப்: காத்தான்குடி வீதியில் மாறிவரும் கிற்றார் மேடை

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டி கல்முனை வீதியால் தெற்கே போனால் கல்லடி, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய், காத்தான்குடி, ஆரையம்பதி என ஊர்கள் இடைவெளியில்லாமல் வருகின்றன. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் இந்த வீதி. எழுவான்கரையில் திருவிழாவோ கலியாணமோ விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவோ நடந்தால் இசைக்குழுவின் வாகனம் இவ்வழியால்தான் போகவேண்டும். முன்பெல்லாம் அந்த வாகனத்தில் பெரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கிற்றார் அம்ப் இருக்கும். இப்போது பல குழுக்களில் அது இல்லை. கிற்றார் வாசிப்பவர் மோட்டார் சைக்கிளில் தனியாக வந்து இறங்குகிறார். முதுகில் கிற்றார், தோள்பையில் ஒரு தடித்த புத்தகத்தின் அளவில் ஒரு பெட்டி, இரண்டு வயர். அந்தப் பெட்டியிலிருந்து நேரே ஒலிபெருக்கிக்காரரின் மிக்சருக்கு வயர் போகிறது. மேடையில் அம்ப் என்று எதுவும் கிடையாது.

இந்தப் பெட்டியைத்தான் அம்ப் மொடலர் என்கிறார்கள். இணையத்தில் இதைப் பற்றி ஆயிரக்கணக்கான காணொளிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை, எந்தப் பெட்டியின் ஒலி உண்மையான அம்புக்கு நெருக்கமானது என்ற போட்டி பற்றியவை. நமது பகுதியில் கேள்வி வேறு. மின்சாரம், வாகனம், கடன், அயல் ஊரின் பொறுமை ஆகிய நான்கையும் நம்பி நிகழ்ச்சி நடத்தும் ஒரு கலைஞருக்கு இந்தப் பெட்டி எதைக் குறைக்கிறது, எதைக் கூட்டுகிறது என்பதே இங்கு முக்கியம்.

காத்தான்குடியை ஏன் நடுவில் வைத்துப் பேசுகிறேன் என்று சிலர் கேட்கக்கூடும். கிழக்கு முஸ்லிம் மக்களிடையே பொல்லடி, றபான், பைத் என்று தனித்த மரபுகள் இருந்தாலும், காத்தான்குடி கிற்றார் கச்சேரிகளுக்குப் பெயர்போன ஊர் இல்லை. ஆனால் கிற்றார்க்காரர்களுக்கு இந்த ஊரில் வேலை இருக்கிறது. அடப்டர் எரிந்தால், பிளக் கழன்றால், வயருக்குள் கம்பி அறுந்தால் ஈயம் வைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். மேடைக்குப் போகும் வழியில், மாலை ஐந்து மணிக்கு, "நானா, இதை ஒருக்கா பாத்துத் தாங்க" என்று கேட்கக்கூடிய கடை இந்த வீதியில்தான் கிடைக்கிறது.

அம்ப் என்ன வேலை செய்தது?

மின் கிற்றாரிலிருந்து வரும் சமிக்ஞை மிகச் சிறியது. அதைப் பெரிதாக்குவது அம்ப்பின் முதல் வேலை. ஆனால் கிற்றார் அம்ப் அதோடு நிற்பதில்லை. வால்வுகளை அளவுக்கு மீறி உழைக்கவைத்தால் ஒலி கரகரக்கிறது. அந்தக் கரகரப்பையே கடந்த 70 ஆண்டுகளாக உலகம் கிற்றாரின் குரலாகக் கேட்டுப் பழகியிருக்கிறது. அடுத்தது ஸ்பீக்கர். கிற்றார் அம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலான கூர்மையான ஒலிகளைப் பெருமளவில் வெளிவிடாது. ஒரு வடிகட்டி போல அது வேலை செய்கிறது.

இதனால்தான் கிற்றாரை ஒரு சாதாரண டிஸ்டோர்ஷன் பெடலில் கொடுத்து அங்கிருந்து நேரே மிக்சரில் செருகினால் நுளம்பு காதருகே பறப்பதுபோல ஒலி வருகிறது. பொதுமேடை ஸ்பீக்கர் எல்லாக் கூர்மையையும் அப்படியே வெளியே தள்ளிவிடும். வடிகட்ட வேண்டிய கிற்றார் ஸ்பீக்கர் இடையில் இல்லை.

இந்த வேலையெல்லாம் செய்யும் அம்ப்புக்குப் பாரம் உண்டு. ஃபெண்டர் ட்வின் ரிவேர்ப் சுமார் 29 கிலோ. 1975இல் ரோலண்ட் வெளியிட்ட, வால்வு இல்லாத ஜேசி-120 சுமார் 28 கிலோ. மார்ஷலின் நான்கு ஸ்பீக்கர் பெட்டி மட்டும் 36 கிலோ. ஒரு மூட்டை சீமெந்து 50 கிலோ என்று நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மொடலர் என்பது ஒரு சிறு கணினி. கிற்றாரின் சமிக்ஞையை அது எண்களாக மாற்றுகிறது. பிறகு ஒரு குறிப்பிட்ட அம்ப்பின் சுற்று எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்கிட்டு, அந்த எண்களை மீண்டும் ஒலிச் சமிக்ஞையாக்கி வெளியே விடுகிறது.

ஸ்பீக்கரின் வேலையைச் செய்வதற்கு வேறொரு வழி இருக்கிறது. ஒரு வெறும் மண்டபத்தில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். திரும்பி வரும் எதிரொலியில் அந்த மண்டபத்தின் நீள அகலமும் சுவரும் கூரையும் அடங்கியிருக்கும். அதேபோல ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒரு சோதனை ஒலியை அனுப்பி, முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்தால், அந்த ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்ற கைரேகை கிடைத்துவிடும். சில பத்து மில்லிசெக்கன்கள் நீளமான இந்தச் சிறு கோப்பை இம்பல்ஸ் ரெஸ்பொன்ஸ், சுருக்கமாக ஐ.ஆர்., என்கிறார்கள். நாம் வாசிக்கும் ஒவ்வொரு சுரமும் இந்தக் கைரேகையின் ஊடாகப் போய் வெளியே வருகிறது. மலிவான பெட்டிகளும் கேட்கக்கூடிய தரத்துக்கு வந்ததில் இந்த ஐ.ஆர். தொழில்நுட்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

கணக்கிட நேரம் எடுக்காதா, வாசித்ததற்கும் கேட்பதற்கும் இடையில் தாமதம் வராதா என்று மூத்த கலைஞர்கள் கேட்பார்கள். வரும். ஆனால் இன்றைய பெட்டிகளில் அது பொதுவாகச் சில மில்லிசெக்கன்களே. காற்றில் ஒலி ஒரு மில்லிசெக்கனில் சுமார் 34 சென்ரிமீற்றர் பயணிக்கிறது. மூன்று மில்லிசெக்கன் தாமதம் என்பது அம்ப்பிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நிற்பதற்குச் சமம். நாம் எப்போதும் அப்படித்தான் நின்று வாசித்திருக்கிறோம்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1989இல் டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்அம்ப், கணினி எதுவும் இல்லாமல் சாதாரணச் சுற்றுகளாலேயே அம்ப்பின் குரலைப் பாவனை செய்தது. 1998இல் லைன் 6 நிறுவனம் அவரைவிதை வடிவில் சிவப்பு நிறப் பொட் என்ற கருவியை வெளியிட்டது. வீட்டில் பதிவு செய்பவர்கள் மத்தியில் மொடலர் பரவியது அதிலிருந்துதான். பிறகு 2006இல் ஃப்ராக்டல் நிறுவனத்தின் அக்ஸ்-எஃப்எக்ஸ், அதன் பின்னர் கெம்பர், 2015இல் ஹீலிக்ஸ் என்று விலைகூடிய கருவிகள் வந்தன. கடந்த சில ஆண்டுகளில் நியூரல் அம்ப் மொடலர் என்ற திறந்த மூல மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உண்மையான அம்ப் ஒன்றின் நடத்தையைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் முறை அதனுடையது. ஒரு மடிக்கணினியும் ஒலி இடைமுகக் கருவியும் இருந்தால் போதும். கையில் பணமில்லாத மாணவர் ஒருவர் வீட்டிலிருந்து பழகுவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

கிழக்கில் கிற்றாரும் பாரமும்

மட்டக்களப்புக்குக் கிற்றார் வந்தது நேற்றல்ல. இங்குள்ள போர்த்துக்கேயப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலினும் கிற்றாரும் இசைத்தார்கள். 2004 டிசெம்பர் 26 சுனாமியில் டச்பார் பகுதியில் வாழ்ந்த பறங்கியர் பலர் உயிரிழந்தபோது அந்த இசை மரபும் பெரும் அடி வாங்கியது. எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோரின் தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் கிற்றாரை ஊர் ஊராகக் கொண்டுபோயின. பல ஊர்களில் இசைக்குழுக்கள் எழுந்தது அந்த அலையில்தான்.

பிறகு போர். இரவு நிகழ்ச்சி என்பதே அரிதாகிப்போனது. சோதனைச் சாவடியில் வயரும் இரும்பும் நிறைந்த ஒரு பெட்டியை இறக்கி, பின்பக்கத்தைத் திறந்து, இது என்ன என்று விளங்கப்படுத்த வேண்டும். படுவான்கரைக்குப் போவதென்றால் இன்னும் சிரமம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர்கள் மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்திருந்தார்கள். தான்தோன்றீச்சரர் ஆலயத் திருவிழாவுக்குப் போகும் சனத்தோடு சனமாக அம்ப்பும் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. இடம்பெயர்ந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள் என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதை எடுத்தார்கள். அந்தப் பட்டியலில் 29 கிலோ பெட்டி இருக்க வாய்ப்பில்லை.

இன்றைய சிக்கல் வாடகையும் கூலியும். ஒரு கீபோர்ட், ஒரு பென் டிரைவ், ஒரு பாடகர் என்று மூன்று பொருளில் நிகழ்ச்சியை முடித்துவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. விழா ஏற்பாட்டாளருக்கு அது மலிவு. கிற்றார்க்காரரை அழைத்தால் அவருடைய கூலியோடு அம்ப்புக்கு வாகனமும் தேவை என்றால் அவர் பட்டியலில் முதலில் வெட்டப்படுவார். மோட்டார் சைக்கிளில் வந்து, பத்து நிமிடத்தில் தயாராகி, மிக்சரில் ஒரே ஒரு துளையை மட்டும் கேட்பவரை வெட்டுவது கடினம். மொடலர் இங்கே கொடுக்கும் முதல் நன்மை வேலைவாய்ப்பு. ஒலியின் தரம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

விலை ஒரு தடை. 2022 ஆரம்பத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. அந்த ஆண்டு நடுப்பகுதியில் சுமார் 360 ரூபா. 200 டொலர் பெறுமதியான ஒரு சிறிய மொடலர், வரியும் அனுப்பு செலவும் சேர்க்காமலே, 40,000 ரூபாவிலிருந்து 72,000 ரூபாவுக்குத் தாவியது. ஆனாலும் நல்ல வால்வு அம்ப் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் இது இன்னும் எட்டக்கூடிய தொகை. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரக்கூடிய பாரமும்கூட.

மின்சாரம் போனால்

வடக்குக்கு உலர் மின்கலம் கொண்டுபோகவே தடை இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட தலைமுறை நம்முடையது. மின்சாரம் இல்லாமல் என்ன செய்யலாம் என்ற கணக்கு நமக்குப் பழக்கம். 2022 மார்ச் இறுதியில் நாடளாவிய ரீதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவத்தில் நாடே இருளில் மூழ்கியது.

வால்வு அம்ப் ஒன்று 200 வாற்றுக்கு மேல் இழுக்கலாம். சிறிய மொடலர் பல 9 வோல்ற்றில் அரை அம்பியர், அதாவது ஐந்து வாற்றுக்கும் குறைவாகவே எடுக்கின்றன. பொஸ் ஜிடி-1, ஸூம் ஜி1 ஃபோர் போன்றவை சாதாரண டோர்ச்சுக்குப் போடும் நான்கு ஏஏ மின்கலத்திலேயே பல மணிநேரம் ஓடும். எல்லாப் பெட்டிகளும் அப்படியல்ல. லைன் 6 எச்எக்ஸ் ஸ்டொம்ப் போன்றவற்றுக்கு 9 வோல்ற்றில் 3 அம்பியர் வேண்டும். அதற்குச் சாதாரண பெடல் அடப்டர் போதாது. பெட்டி வாங்குமுன் ஒலியை எத்தனை முறை கேட்கிறீர்களோ அத்தனை முறை அதன் அடியில் எழுதியிருக்கும் வோல்ற், அம்பியர், மத்திய முனை நேரா மறையா என்பதையும் பாருங்கள். அடப்டர் பொருந்தாமல் எரிந்த பெட்டிகளைத்தான் காத்தான்குடிக் கடைகளில் அதிகம் பார்த்தேன். ஒரு கடையில் நானா அடப்டரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பொட்டியில பிழை இல்ல. இத மாத்துங்க" என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னார். ஐந்து நிமிட வேலை.

ஜெனரேற்றரில் ஓடும் நிகழ்ச்சிகளில் வோல்ற் ஏறி இறங்கும். ஒரு கணம் குறைந்தால் வால்வு அம்ப் சற்று மங்கி மீளும். மொடலர் கணினி என்பதால் அணைந்து மீண்டும் தொடங்கும். அதற்குள் பாட்டின் பல்லவி முடிந்துவிடும். மின்கலத்தில் ஓடும் பெட்டியோ பவர் பாங்கில் ஓடக்கூடிய பெட்டியோ நமது மேடைகளுக்கு அதிகம் பொருந்துவது இதனால்தான்.

உயிரோடு விளையாடும் எர்த்

இதை யாரும் காணொளியில் சொல்வதில்லை. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

மின் கிற்றாரின் கம்பிகள் அம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. மைக்கின் உலோக உடல் மிக்சரின் எர்த்தோடு இணைந்தது. அம்ப்புக்குப் பக்கத்து வீட்டிலிருந்து மின்சாரமும் மிக்சருக்கு ஜெனரேற்றரிலிருந்து மின்சாரமும் எடுத்தால், அல்லது இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லாமல் போனால், கம்பிக்கும் மைக்குக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு வரலாம். கை கம்பியில் இருக்கும். பாடுவதற்கு உதடு மைக்கைத் தொடும். நடுவில் இருப்பது மனித உடல். ஸ்டோன் த க்ரோஸ் என்ற ஸ்கொட்லாந்து இசைக்குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சி நகர மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். நமது மேடைகளில் மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனையாக மாற்றுவதும், பிளக்கே இல்லாமல் வயர் முனையைத் துளைக்குள் செருகி ஈர்க்குக் குச்சி வைத்து இறுக்குவதும் எல்லோரும் பார்த்தவை. மழைக்காலத்தில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பதும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகும்.

மொடலரை நேரே மிக்சருக்குக் கொடுக்கும்போது கிற்றாரும் மைக்கும் ஒரே மிக்சரின் எர்த்துக்கு வந்துசேர்கின்றன. இரண்டு வேறு மின்வழிகளுக்கு இடையில் உடல் அகப்படும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் மிக்சருக்கே எர்த் இல்லையென்றால் இந்தப் பாதுகாப்பும் கிடையாது. ஏற்பாட்டாளரிடம் இரண்டு விடயங்களைக் கேட்பதில் வெட்கப்படத் தேவையில்லை. மேடைக்கு வரும் மின்வழியில் ட்றிப் சுவிட்ச் இருக்கிறதா? ஜெனரேற்றருக்கு எர்த் கம்பி நிலத்தில் அடித்திருக்கிறதா? தொடுமுன் மைக்கின் உடலில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். எரிந்தால் பாடவேண்டாம், வாசிக்கவும் வேண்டாம். ஒலிபெருக்கிக்காரரைக் கூப்பிடுங்கள்.

"ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் பலர் முதலில் செய்வது எர்த் முனையைக் கழற்றுவது. ஒருபோதும் அதைச் செய்யக்கூடாது. மொடலரிலோ டி.ஐ. பெட்டியிலோ கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது மின்வழியின் எர்த்தைத் தொடாமல், ஒலி வயரின் வழியே சுற்றும் இரைச்சலை மட்டும் அறுக்கிறது. பெட்டி மின்கலத்தில் ஓடும்போது இந்தச் சுவிட்சை அழுத்தினால் இரைச்சல் கூடும், ஏனென்றால் கிற்றாருக்கு இருந்த ஒரே எர்த் தொடர்பும் போய்விடும். அப்போது அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

மிக்சர் மேசையில் நடப்பது

அம்ப் இருந்தபோது கிற்றாரின் ஒலி கிற்றார்க்காரரின் கையில் இருந்தது. மொடலர் வந்ததும் அது மிக்சர் மேசையில் இருப்பவரின் கைக்குப் போய்விட்டது. புதிய பெட்டி வாங்கியவர்களுக்கு வரும் ஏமாற்றங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

முதலாவது, வயர். மேடைக்கும் மிக்சருக்கும் இடையே 20, 30 மீற்றர் தூரம் இருக்கும். கிற்றார் வயரை அவ்வளவு தூரம் இழுத்தால் இரைச்சல் ஏறும். பெட்டியில் மைக்குக்குப் பயன்படும் மூன்று முள் வெளியீடு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் இடையில் ஒரு டி.ஐ. பெட்டி வையுங்கள். சமிக்ஞையை இரண்டு எதிரெதிர் வடிவில் அனுப்பி, வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சலை மறுமுனையில் கழித்துவிடுவது அதன் வேலை.

இரண்டாவது, மோனோ. வீட்டில் ஹெட்போனில் இடதும் வலதும் சுழலும் கோரஸ் ஒலி அழகாக இருக்கும். மிக்சருக்கு இடது வயர் மட்டும் போனால் பாதி ஒலி காணாமற்போகும். பெட்டியை மோனோவுக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, ஒலியின் அளவு. மனிதக் காது மெதுவான ஒலியில் அடிக்கனத்தையும் கூர்மையையும் குறைவாகவே கேட்கிறது. ஆகவே இரவில் வீட்டில் மெதுவாக வைத்து அமைத்த ஒலியில் இரண்டையும் நாம் அறியாமலே கூட்டிவிடுகிறோம். மேடையில் பத்து மடங்கு பெரிதாகும்போது அது இடிபோலவும் ஊசிபோலவும் வருகிறது. 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும், 6,000 முதல் 8,000 ஹேர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிட்டால் பெரும்பாலான சிக்கல் தீரும். எதிரொலியையும் பாதியாக்குங்கள். திறந்தவெளியிலும் தகரக் கூரையின் கீழும் இயற்கையாகவே போதிய எதிரொலி உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் அமைத்த ஒலிகள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். ஒன்று சத்தமாகவும் ஒன்று மெதுவாகவும் வந்தால் மிக்சரில் இருப்பவர் உங்களை நம்பாமல் எல்லாவற்றையும் கீழே இறக்கிவைத்துவிடுவார்.

நான்காவது, உங்கள் காது. பின்னால் அம்ப் இல்லாததால் நீங்கள் வாசிப்பது உங்களுக்குக் கேட்காமல் போகலாம். மேடையில் மொனிட்டர் ஸ்பீக்கர் ஒன்று கேளுங்கள். கிடைக்காத இடத்தில், பெட்டியின் இரண்டாவது வெளியீட்டிலிருந்து சிறு ஸ்பீக்கர் ஒன்றுக்கோ காதுக்குள் வைக்கும் இயர்போனுக்கோ எடுக்கலாம். இரண்டாவது வெளியீட்டைக் கிற்றார் அம்ப் ஒன்றுக்குக் கொடுத்தால் அதில் ஐ.ஆரை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஒலி இரண்டு ஸ்பீக்கர் வழியே வடிந்து, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும்.

கோயில் கோபுரத்தில் கட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கியில் எந்த மொடலரும் அழகாக ஒலிக்காது. தூரத்துக்குப் பேச்சைக் கொண்டுபோகவே அது செய்யப்பட்டது. அடிக்கனம் அதில் வராது. அப்படியான இடத்தில் சுத்தமான, கரகரப்பில்லாத ஒலியை வைத்துக்கொள்வதே நல்லது.

சத்தமும் அயலும்

2007 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் வழங்கிய உத்தரவுக்குப் பிறகு, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுப்பதில் கட்டுப்பாடு இருக்கிறது. சட்டத்துக்கு அப்பால், இந்த வீதியில் சத்தம் என்பது அயலுறவு சம்பந்தப்பட்ட விடயம். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரு ஒழுங்கையால் பிரியும் இடங்கள் இங்கு உண்டு. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டதை அந்த ஊர் மறக்கவில்லை. அதே காலத்தில் தமிழ்க் கிராமங்களில் நடந்தவற்றைத் தமிழ் மக்களும் மறக்கவில்லை. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, முஸ்லிம் கடைகளுக்குப் போகவேண்டாம் என்ற பேச்சும் எழுந்தது. இவ்வளவு நினைவுகள் கிடக்கும் வீதியில் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது சிறு விடயம் ஆகாது.

எல்லையோரத்தில் நான் போன நிகழ்ச்சிகளில் பாங்கு ஒலித்தபோது பாட்டு நின்றது. அறிவிப்பு எதுவும் இல்லை. மிக்சரில் இருந்தவர் முதன்மைப் பிடியைக் கீழே இறக்கினார், முடிந்ததும் ஏற்றினார். மேடையில் தனி அம்ப் இருந்தால் மிக்சரை இறக்கினாலும் கிற்றார் ஒலித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் மிக்சர் வழியே போகும்போது ஒரே கையசைவில் முழு மேடையும் அடங்குகிறது. ஒலிபெருக்கிகளைச் சனத்தின் பக்கம் மட்டும் திருப்பி வைக்கவும் முடிகிறது.

வாசிப்பவரின் காதுக்கும் இது நல்லது. 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணிநேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழிற் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். அம்ப்பும் ட்ரம்ஸும் போட்டி போடும் சிறு மேடையில் நான்கு மணிநேரம் நிற்கும் இளைஞர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஷெல் சத்தத்தில் ஏற்கெனவே காது பழுதானவர்களும் நம் குழுக்களில் வாசிக்கிறார்கள்.

இழப்பும் உண்டு

அம்ப்பின் முன்னால் நின்று வாசிக்கும்போது காற்று காலில் மோதும். கிற்றாரின் கம்பியும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று தூண்டி ஒரு சுரத்தை முடிவில்லாமல் நீட்டும். மொடலர் அந்த உடலனுபவத்தை முழுதாகக் கொடுக்காது. இன்னொன்று, பழைய அம்ப் பழுதானால் ஊரில் ஒருவர் திருத்திவிடுவார். மொடலரின் உள்ளே இருக்கும் சிப் பழுதானால் கடை நானாவும் கையை விரிப்பார். அடப்டர், துளை, சுவிட்ச் வரைதான் அவரால் முடியும். அதோடு நூற்றுக்கணக்கான ஒலிகள் கையில் கிடைக்கும்போது, வாசிப்பதைவிட ஒலி தேடுவதிலேயே மாலை கழிந்துவிடும். மூன்று ஒலி போதும்: சுத்தமானது, சற்றுக் கரகரப்பானது, தனி வாசிப்புக்கு ஒன்று.

தனியாள் ஒருவர் கடன்பட்டு வாங்குவதைவிட ஊருக்கு ஒன்றாக வாங்குவது இன்னும் நல்லது. விளையாட்டுக் கழகங்களும் ஆலய நிர்வாக சபைகளும் வருடாவருடம் ஒலிபெருக்கி வாடகைக்குப் பணம் ஒதுக்குகின்றன. அதில் ஒரு பங்கை எடுத்து, மின்கலத்தில் ஓடும் ஒரு சிறு மொடலர், இரண்டு டி.ஐ. பெட்டி, எர்த்தும் ட்றிப் சுவிட்சும் உள்ள ஒரு நீட்சி வயர், தரமான இரண்டு நீள வயர் ஆகியவற்றை வாங்கி வைத்தால், கிற்றார் மட்டும் சொந்தமாக வைத்திருக்கும் எந்தப் பிள்ளையும் மேடையேறலாம். கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒலிபெருக்கித் தொழில் செய்யும் இளைஞர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். இந்த இரு தரப்பும் ஒரு பிற்பகல் ஒன்றாக உட்கார்ந்து, மேற்சொன்ன எர்த் சோதனையிலிருந்து மோனோ வரை செய்து பார்த்தால் போதும். அடுத்த திருவிழாவுக்குக் கொடி ஏறுமுன் அதைச் செய்துவிடலாம்.